பதினேழு பார்சல் நெத்திலி

நான் கட்டிய முதல் இணையக் கடையில் பொருள் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவரும் அரைக் கிலோதான் வாங்க நினைத்தார். அந்த அரைக் கிலோவுக்காக அவரைக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யும் நிலைமைக்குக் கொண்டுபோய் விட்டவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வருவதை விட, நானே சொல்லிவிடுவது மரியாதை.

அது 2008. கணிப்பொறிப் படிப்பை முடித்துவிட்டு பாம்பனில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா இருந்தேன் என்று நான் எங்கே சொன்னாலும் அம்மா திருத்துவார்: "சும்மா இருந்தா பரவாயில்லையே, படுத்துல்ல கிடந்தான்.") அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மாவும் தெருவில் உள்ள பதினொரு பெண்களும் சேர்ந்து மகளிர் குழு வைத்து நெத்திலிக் கருவாடு போட்டார்கள். மாதம் ஒருமுறை பரமக்குடியிலிருந்து ஒரு வியாபாரி வேனில் வருவார். சாக்கில் கையை விட்டு ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். அவர் உதட்டைப் பிதுக்கினால் விலை இறங்கும். பிதுக்காத நாளே கிடையாது.

"இவன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு வயசாகிப் போச்சு" என்று அம்மா ஒரு நாள் அலுத்துக்கொண்டபோது நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, இனி அவரு வேண்டாம். நான் வெப்சைட் போட்டுத் தாரேன். வாங்குறவங்க நேரா நம்மகிட்டயே வாங்கிக்கிருவாங்க."

"யாருலே வாங்குவா?"

"உலகமே."

உலகத்தின் மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் தெருமுனை பிரவுசிங் சென்டரிலேயே கிடந்து அந்த வெப்சைட்டைக் கட்டினேன். கட்டினேன் என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை. கறுப்புப் பின்னணி, அதில் மினுமினுக்கும் நட்சத்திரங்கள். பக்கம் திறந்ததும் அலை ஓசை. அலை ஓசைக்கு நடுவே கடற்பறவை கத்தும் சத்தம். முகப்பில் பாம்பன் பாலத்துக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் படம். அதற்குக் கீழே, கருவாடு என்ற எழுத்தை விட ஒரு சுற்றுப் பெரிதாக, "வடிவமைப்பு: சகாயராஜ்." சாதாரண வெப்சைட்டில் மேலே வரிசையாக இருக்குமே, முகப்பு, பொருட்கள், தொடர்புக்கு என்று? அதெல்லாம் பழைய பாணி என்று எனக்குப் பட்டது. ஆறு மீன்களை வரைந்து, ஒவ்வொரு மீனின் உடம்பிலும் ஒரு பெயரை எழுதி, திரை முழுக்க நீந்த விட்டேன். வேண்டிய மீனைச் சொடுக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் திறக்கும்.

இதை யோசித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் பாம்பனில் பிறக்க வேண்டியவன் இல்லை என்று தோன்றியது.

வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று தேவைப்பட்டது. அதை யோசித்து எழுதச் சோம்பல். என் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம் கையில் இருந்தது; அதை அப்படியே பார்த்து அடித்துவிட்டேன். இருபத்திரண்டு கேள்விகள். தந்தை பெயர், தாய்மொழி, ரத்தப் பிரிவு, கடைசியாகப் படித்த பள்ளி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒட்டி ஒட்டி இரண்டு பொத்தான்கள். ஒன்று "அனுப்பு." இன்னொன்று "அழி."

வேலை முடிந்ததும் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். நான்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸை நான்தான் பிடித்திருந்தேன். மீன்களை நான் ஒவ்வொன்றாக லாவகமாகப் பிடிக்கப் பிடிக்க எல்லோரும் கை தட்டினார்கள். (எந்த மீன் எந்த வினாடியில் எங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். நீந்தவிட்டவனே நான்தானே.) அம்மா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தாம்லே இருக்கு. கருவாடு எங்க?"

"உள்ள இருக்கும்மா. ஆறாவது பக்கத்துல."

"ஓ" என்றார் அம்மா. அந்த "ஓ"வை அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விளம்பரத்துக்கு நோட்டீஸ் அடித்தோம். ராமேஸ்வரம் ரயில் நிலையத்திலும் ஏர்வாடி பஸ்ஸிலும் நானே நின்று கொடுத்தேன். வாங்கியவர்கள் விசிறிக்கொண்டார்கள். மிச்சத்தை இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் அதில் கடலையை மடித்துக் கொடுத்துக் காலி செய்தார்.

அப்புறம் காத்திருந்தேன். ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. தினமும் நான் பிரவுசிங் சென்டரிலிருந்து திரும்பும்போது அம்மா வாசலில் நெத்திலியைப் பரப்பியபடி கேட்பார், "எவனாச்சும் வந்தானா?" எவனும் வரவில்லை. தெருவில் மற்ற பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். நான் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆர்டர். ஒன்றல்ல, பதினேழு. பதினேழும் பாண்டீஸ்வரி என்ற ஒரே பெயரில், கோயம்புத்தூரில் ஒரே முகவரிக்கு, ஒவ்வொன்றும் அரைக் கிலோ நெத்திலி.

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

அம்மா சந்தோஷப்பட்டார். கூடவே சந்தேகமும் பட்டார். "ஒரே ஆளு எதுக்குலே பதினேழு தடவை கேக்கணும்? எட்டரைக் கிலோன்னு ஒரேயடியாக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"மொத்த வியாபாரியா இருக்கும்மா. சின்னச் சின்னப் பாக்கெட்டா விக்கிறதுக்கு. ஆன்லைன்ல இப்படித்தான்."

"எதுக்கும் ஒரு போனைப் போட்டுக் கேட்டுரு."

அங்கேதான் விஷயம். இருபத்திரண்டு கேள்வி கேட்டிருந்தேனே தவிர, போன் நம்பர் கேட்கவில்லை. கல்லூரியில் நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லாததால் அந்த இடத்தை அன்று கோடு போட்டு விட்டிருந்தேன். அதைப் பார்த்து டைப் அடிக்கும்போது அந்தக் கேள்வி விட்டுப்போயிற்று. பாண்டீஸ்வரியின் தந்தை பெயர் எனக்குத் தெரியும். அவர் கமுதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று தெரியும். ரத்தம் பி பாசிட்டிவ் என்று தெரியும். அவரைக் கூப்பிட்டு "நிஜமாகவே பதினேழா?" என்று கேட்கத்தான் வழி தெரியாது.

"ரத்தம் கொடுக்கணும்னா கூப்பிடுவியாக்கும்" என்றார் அம்மா.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பதினேழு பொட்டலம் போட்டார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே துணி வைத்துத் தைத்து, அதற்கும் மேலே நான் விசேஷமாக அச்சடித்த தாளை ஒட்டினோம். பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம்: பாம்பன் கருவாடு. வி.பி.பி.யில் அனுப்பினோம். வாங்குகிறவர் தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறை. போஸ்ட் மாஸ்டர் ஒரு பார்சலைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோய், என்னைப் பார்த்து, மறுபடி பார்சலைப் பார்த்தார்.

"தம்பி, போற வழியெல்லாம் பூனை ஏறாம இருக்கணும்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் நாள் பரமக்குடி வியாபாரி வேனில் வந்து இறங்கினார். நான் முந்திக்கொண்டேன். ஒரே நாளில் பதினேழு ஆர்டர் என்றால் மாதத்துக்கு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை என்று முன்தினம்தான் அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அந்தக் கணக்குப்படி பாம்பனில் காயும் நெத்திலி முழுவதும் எங்களுக்கே போதாது.

"அண்ணாச்சி, இனி சரக்கு உங்களுக்குக் கிடையாது. நாங்க இண்டர்நெட்ல விக்கிறோம்" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். "பிள்ள படிச்சிருக்கான், சொல்றான்" என்றார். வியாபாரி வேனைத் திருப்பிக்கொண்டு போனார். சாக்குகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. மீன்பிடித் தடைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்பத்தைந்து நாளும் படகு போகாது. பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவது அந்தச் சாக்குகளை நம்பித்தான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் வெப்சைட்டில் ஏழாவது மீனை வரைந்துகொண்டிருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து போஸ்ட் மாஸ்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். மேஜைக்கு அடியில் பதினாறு பார்சல்கள். ஒவ்வொன்றின் மேலும் "பெற மறுத்தார்" என்று எழுதியிருந்தது. வாசல்படியில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருந்தன. இன்னொன்று ஜன்னலில்.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருப்பா. மணியார்டர் வாங்க வந்தவங்க எல்லாம் என்னையவே ஒரு மாதிரியாப் பார்க்குறாங்க" என்றார்.

பதினாறு பார்சலை மூன்று நடையாக வீட்டுக்குச் சுமந்தேன். இந்த முறை வேறு தெரு வழியாகப் போகவும் முடியவில்லை. வாசனை முன்னால் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. அம்மா திட்டவில்லை. பார்சல்களை எண்ணினார். சாக்குகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் மாதா கோயிலிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். கையில் எங்கள் பார்சலிலிருந்து கிழித்த முகவரித் தாள்.

"இங்கன சகாயராஜ்ங்கிறது யாரு?"

நான்தான் என்றேன். (வாங்கிய பொருளைப் பாராட்ட நேரில் வந்திருக்கிறார் என்று அரை வினாடி நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைப்போம்.)

"நான் பாண்டீஸ்வரி. கோயம்புத்தூர்ல நர்சா இருக்கேன். தப்பு உங்க மேலதான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போறதுக்குத்தான் வந்தேன்."

அம்மா அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். லீவுக்கு ஊருக்கு வந்தபோது இராமநாதபுரத்தில் கடலை வாங்கியிருக்கிறார். மடித்திருந்த தாள் என் நோட்டீஸ். கோயம்புத்தூரில் நல்ல நெத்திலி கிடைக்காமல் நாக்குச் செத்துப்போயிருந்தவர், அதைப் பத்திரமாக எடுத்துப்போய் ஆர்டர் போட்டிருக்கிறார். அவர் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரம்மா, முட்டை கூட வாசல்படி தாண்டாத வீடு. பாண்டீஸ்வரி அரைக் கிலோவைச் சத்தமில்லாமல் வாங்கி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்துச் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். இவர் டூட்டியில் இருக்கும்போது தபால்காரர் வந்து பதினேழு பார்சலையும் முன்வாசலில் அடுக்கி, வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி நான் ஒட்டிய தாளை அந்த அம்மா நாலடியிலிருந்து படித்திருக்கிறார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல அந்த வாடகைக்கு எனக்கு வேற வீடு கிடைக்காது. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதை மட்டுந்தான் காசு குடுத்து வாங்கிக்கிட்டேன். பதினேழ அனுப்புனது நீங்க."

இந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் படித்தவன் அல்லவா. "மேடம், கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. நீங்க பதினேழு தடவை அமுக்கியிருக்கீங்க. பதினேழு தடவை அமுக்குனா பதினேழு ஆர்டர்தான் விழும்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஏலே, எந்திரி. வா தாயி, போவோம். நீ எப்படி வாங்குனியோ அதே மாதிரி வாங்கிக் காட்டு. யாரு தப்புன்னு கண்ணாலயே பார்த்துருவோம்."

பிரவுசிங் சென்டரில் அன்று நாற்காலியில் உட்கார்ந்தது பாண்டீஸ்வரி. அம்மா அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். அம்மா திரும்பி என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"அந்தப் பிள்ள முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. கையையும் நீட்டக் கூடாது. அன்னைக்கு அந்தப் பிள்ள கோயம்புத்தூர்ல இதைப் பார்த்தப்ப நீ பக்கத்துல நின்னியா? நிக்கலைல்ல. அப்ப இப்பவும் நீ இல்ல."

பக்கம் திறந்தது. திறந்தது என்று சொல்வது சுலபம். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர நாலு நிமிஷம் ஆயிற்று. திடீரென்று கடற்பறவை கத்தியது. பாண்டீஸ்வரி திடுக்கிட்டு மவுஸை விட்டுவிட்டார். அடுத்த மேஜையில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல ஆஸ்பத்திரி ஆபீஸ்ல வச்சுத் தொறந்தேன். இப்படியே கத்துச்சு. பெரிய டாக்டர் வந்துட்டாரு. பயந்து போயி மூடிட்டு, அப்புறம் வெளிய கடையில போயித்தான் பார்த்தேன்" என்றார்.

பிறகு மீன் பிடிக்க ஆரம்பித்தார். "பொருட்கள்" என்று எழுதிய மீன் இடது பக்கம் போனது. அவர் பின்னால் போனார். அது திரையின் ஓரத்தில் மறைந்து மேலே வந்தது. சொடுக்கினார். குறுக்கே வந்த "எங்களைப் பற்றி" மீன் மாட்டிக்கொண்டது. என் புகைப்படம் பெரிதாகத் திறந்தது. திரும்பிப் போக வழியில்லை, அதற்கும் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை. எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது. "மேல போகும், கொஞ்சம் பொறுங்க" என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மூன்று மாதம் நான் உருகி உருகிச் செய்த ஒன்றை, எனக்குத் தெரியாத ஒருவர் என் கண் முன்னால் பயன்படுத்துவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். எனக்கு இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது.

"கடல்ல போயி ஒரு தடவை பிடிச்சாச்சு" என்றார் அம்மா, திரையைப் பார்த்தபடியே. "கழுவி, உப்புப் போட்டு, காய வச்சாச்சு. செத்த மீனைக் காசு குடுத்து வாங்க வந்தவ, இதுல மறுபடியும் பிடிக்கணுமாலே?"

ஜாதகக்காரர் சிரித்துவிட்டார்.

ஒரு வழியாகப் படிவம் வந்தது. பாண்டீஸ்வரி பொறுமையாக இருபத்திரண்டையும் நிரப்பினார். நிரப்பி முடித்து, கீழே போய், "அழி"யை அமுக்கினார். எல்லாம் அழிந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "அன்னைக்கும் இப்படித்தான். ரெண்டு தடவை அழிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தந்தை பெயரை அடிக்க ஆரம்பித்தார். எனக்குத் தரையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

இரண்டாம் முறை சரியாக "அனுப்பு"வை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. திரை அப்படியே நின்றது. மீன்கள் நீந்தின. அவர் காத்திருந்தார். மறுபடி அமுக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடி.

"எதுக்குத் தாயி திரும்பத் திரும்ப அமுக்குற?" என்று அம்மா கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"போச்சா இல்லையான்னு தெரியலையே. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, கடைக்கு வந்து ஒருத்தி அரைக் கிலோ குடுன்னு கேக்கா. நான் சரின்னு சொல்லணும். வாயில வெத்தலை இருந்தா தலையையாச்சும் ஆட்டணும். கல்லு மாதிரி உக்காந்திருந்தா அவ திரும்பக் கேக்காம என்ன செய்வா? அவ கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அரைக் கிலோவக் கட்டிக் குடுத்தா, அதுக்குப் பேரு வியாபாரமா?"

கம்ப்யூட்டர் ஆர்டரை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல நான்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நட்சத்திரத்துக்கு மினுக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

"இப்ப ஆறு தடவை அமுக்கிட்டேன்" என்றார் பாண்டீஸ்வரி கவலையோடு. "தயவு செஞ்சு இதையும் அனுப்பிச்சிராதீங்க."

கடுதாசியை நானே எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு அது போதவில்லை. பாண்டீஸ்வரியின் செல்போனில் கோயம்புத்தூர் வீட்டுக்காரம்மாவையே கூப்பிடச் சொல்லி, தானே வாங்கிப் பேசினார்.

"அம்மா, நான் பாம்பன்லேர்ந்து பேசுறேன். கருவாட்டுக்காரி. அந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்லம்மா. அது ஒண்ணுதான் கேட்டுச்சு. எம் மகன் கம்ப்யூட்டர்ல கோளாறு பண்ணிப் பதினேழா அனுப்பிட்டான்."

பாண்டீஸ்வரி புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மா பேசுவது எங்களுக்கே கேட்டது.

"ஒண்ணுதானுங்களா? பதினேழு பொட்டணம் வந்து இறங்கவும் நான் பயந்துட்டேனுங்க. மாடியில கருவாட்டுக் கடை போடப் போறான்னு நெனச்சேன். ஒண்ணுன்னா அது அந்தப் புள்ள வாய்க்கு. ஜன்னலைச் சாத்திட்டுத் தின்னுட்டுப் போகட்டும், எனக்கென்னங்க. கடைதான் ஆகாது."

"கடை இல்லம்மா, கடை இல்ல" என்றார் அம்மா. "கடை எங்களுக்கே இல்ல."

பாண்டீஸ்வரி அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிரவுசிங் சென்டர்காரரிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி நானும் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் பாண்டீஸ்வரிக்குச் சாப்பாடு. நெத்திலிக் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கினார். இரண்டாவது முறை கேட்டபோது அம்மா உடனே "இந்தா வந்துருச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியையே எடுத்தார்.

மிச்சம் இருந்தது சாக்குகள். வியாபாரியைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் என்ன விலை சொல்வாரோ என்று அம்மா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரே வந்து நின்றார். தடைக்காலம் வரப்போகிறது, அவருக்குச் சரக்குச் சேரவில்லை. இந்த முறை சாக்கில் கை விடவில்லை, ஒடித்துப் பார்க்கவில்லை.

"வெளியூர்லேர்ந்து ஒரே நாள்ல பதினேழு ஆர்டர் வந்துச்சாமே? ஊரெல்லாம் பேச்சா இருக்கு. நான் கொஞ்சம் கூட்டியே குடுத்துர்றேன் அக்கா. பழகுன ஆள விட்டுறாதீங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கொஞ்சம் பயிற்சி வந்திருந்தது. "சரி, உங்களுக்காகப் பார்க்கேன்" என்று அம்மா சாக்குகளைக் காட்டினார். வேன் கிளம்பிப் போனதும் அம்மா விட்ட பெருமூச்சில் வாசலில் காய்ந்த நெத்திலி கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

வெப்சைட்டை மறுபடி கட்டினேன். மீன்கள் போயின, பறவை போயிற்று, என் பெயரும் போயிற்று. வெள்ளைப் பக்கம். மேலேயே கருவாட்டின் படம். பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை கிலோ: அவ்வளவுதான் கேள்வி. ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கியதும் பெரிய எழுத்தில் ஒரு வரி வரும். அதை அம்மா சொல்லச் சொல்ல அடித்தேன்: "உங்க ஆர்டர் எங்களுக்கு வந்துருச்சு. மறுபடி அமுக்க வேண்டாம்." யாருக்கும் காட்டுவதற்கு முன் பாண்டீஸ்வரிக்குப் போன் செய்து, கோயம்புத்தூரில் அவர் திறந்து பார்த்துச் சொன்னதற்கு அப்புறம்தான் விட்டேன். மாதத்துக்கு நாலைந்து ஆர்டர் வந்தது. பாதி அவர் ஆஸ்பத்திரி நர்சுகள். உலகம் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் ஒரு தடவைதான் அமுக்கினார்கள்.

அடுத்த வருஷம் மதுரையில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில் நான் செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். புதிய பக்கத்தைக் காட்டினேன். சுமாராகத்தான் பார்த்தார்கள். பழையதைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, தண்ணீர் வரவழைத்துக் குடித்துவிட்டு, வேலை கொடுத்தார்கள். இன்று வரை அதே மாதிரி வேலைதான்: இணையக் கடைகளில் வாங்க வருகிறவர்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது.

என் கல்யாணம் பாம்பன் கோயிலில்தான் நடந்தது. பாண்டீஸ்வரி, கணவரோடும் குழந்தையோடும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் என்னிடம், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. சாமியார் சற்றுக் காத்திருந்துவிட்டு மறுபடி கேட்டார். அப்போதும் வரவில்லை. முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"ஏலே, வாயத் தொறந்து பதில் சொல்லு. இல்லன்னா சாமி பதினேழு பொண்ணக் கட்டி வச்சிருவாரு."

கல்யாண வீடியோவில் அதற்கப்புறம் ஒரு நிமிஷத்துக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். நான் "சம்மதம்" என்று சொல்வது கேட்கவே இல்லை. என் மனைவி இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, "இவரு சரின்னு சொன்னதுக்கு ஆதாரமே கிடையாதுங்க, ஒரு பேச்சுக்குத்தான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கோம்" என்கிறாள்.